ஏலத்துக்குப் போன துணி

தேனிப் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் நான் ஏதோ விற்க வந்தவன் என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தோளில் ஒரு பை, பையின் வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒட்டுநாடாக்கள், கையில் இடுப்பு உயரத்துக்குக் காற்றுக்குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் சுருள். "என்ன ரேட்டுண்ணே?" என்று ஒருவர் குமிழை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். விற்பதற்கில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமுக்கிய குமிழ் உடைந்தது உடைந்ததுதான்.

சிங்கப்பூரில் கலைக்கூடங்களுக்காகப் பொருள்களைக் கட்டி அனுப்புவது என் தொழில். ஓவியம், சிலை, கண்ணாடி என்று எது வந்தாலும் அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. எது எங்கே உடையும் என்று மட்டும் தெரியும். இந்த முறை எங்கள் கண்காட்சியை அமைக்கும் லிம் அம்மையார் என்னை அனுப்பியது ஒரு துணிக்காக. உலகம் சூடேறிக்கொண்டே போகும்போது உயிர்கள் எங்கே ஒதுங்கும், எப்படி மறுபடி துளிர்க்கும் என்பது கண்காட்சியின் பொருள். அதன் நடுக்கூடத்தில் தொங்கவேண்டியது உத்தமபாளையத்து ஓவிய ஆசிரியை ஷாஹிதா தைத்த 'பந்தல்'. திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி மறைப்பாகக் கட்டிக் கிழிந்துபோன பழைய சேலைகளையும் பறவைக்கு விரித்த வலைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பெரிய விரிப்பு அது. படத்தில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உடையாது, மடித்துவிடலாம், சுலபமான வேலை.

நிலையத்துக் கடையில் இட்லிக்கு ஊற்றிய சாம்பாரின் தயவில் நல்ல மனநிலையில்தான் பேருந்து ஏறினேன். நடத்துநர் சுருளைத் தட்டிப் பார்த்து, "இது ஆளா, சாமானா? ஆளுன்னா ஒக்கார வையுங்க, சாமான்னா முன்னாடி போகட்டும்" என்றார். சுருள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் ஆளுக்கு இரண்டு குமிழ் உடைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் ரயிலில் யாராவது இப்படிச் செய்தால் அபராதம் போட்டிருப்பார்கள். இங்கே ஓட்டுநரே வளைவுகளுக்கு நடுவில் கையை நீட்டினார்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். புரியவில்லை என்று என் முகத்தில் தெரிந்ததோ என்னவோ, பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே தமிழாக்கினார்: "மேல ஆழ்குழாய் போட்டாகளாம். தண்ணிக்குப் பதிலா சூடா காத்து வந்துச்சாம்." வெளியே ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீரில் நெல் பச்சையாக நின்றது. மறுபக்கம் கல்தூண்கள் வரிசை வரிசையாக நின்றன, தலைக்கு மேலே துருப்பிடித்த கம்பிகளோடு. அது என்ன என்று கேட்டேன்.

"பந்தல்."

எனக்குத் தெரிந்த பந்தல் கல்யாணத்துக்குப் போடுவது. அவர் சிரித்தார். "இங்கன பந்தல்னா திராட்சைதான். கொடியப் பிடுங்கிட்டாக. காய் பழுக்குற நேரமாப் பாத்து மழை, பூக்குற நேரமாப் பாத்து வெயிலு. எத்தன வருசம் தாங்குவாக?" புகைமூட்டம் வந்தால் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும் ஊர் எங்களுடையது. இவர்கள் எதைச் சாத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

உத்தமபாளையத்தில் ஷாஹிதாவின் கணவர் யூசுப் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் போன நேரம் கடை வாசலில் நாலைந்து விவசாயிகள் எரிந்துபோன பம்புசெட்டுகளோடு சண்டைக்கு நின்றார்கள். யூசுப் தலை நிமிராமலே பேசினார்.

"துணியா? அது ஏலத்துக்குப் போயிருச்சே சார். நாந்தான் ஜீப்புல ஏத்திவிட்டேன். டீச்சரும் கூடத்தான் போயிருக்கா."

"ஏலத்துக்கா?"

"ஆமா சார். போன் கெடைக்காது. நாளைக்கு... ஏலே, அந்த மோட்டாரத் தொடாத, கரண்டு இருக்கு!"

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். கண்காட்சிக்கு என்று சொல்லிவைத்த பொருளை ஏலத்தில் விடுவதா? அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து லிம்முக்குப் போன் போட்டேன். நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் "எப்படியாவது நிறுத்து" என்றார். டீக்கடைக்காரரிடம் இந்தப் பக்கம் ஏலம் எங்கே நடக்கும் என்று கேட்டேன். "போடியிலதான். இன்னிக்குக்கூட இருக்கு" என்றார். போடிப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். அந்த டீச்சரம்மாவிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாதியை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய் நின்றார்.

ஏல மையத்துக்குள் நுழைந்ததும் செருப்புக்கடியில் நறநறவென்றது. தரை முழுக்க ஏலக்காய். வரிசையாக உட்கார்ந்திருந்த வியாபாரிகளிடம் மாதிரிப் பொட்டலம் வருகிறது. பிரித்து உள்ளங்கையில் கொட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், முகர்கிறார்கள், அப்படியே தரையில் வீசிவிட்டு முன்னால் இருக்கும் விலை சொல்லும் பொத்தானை அமுக்குகிறார்கள். என் மனைவி பாயசத்துக்கு எண்ணிப் போடுகிற பொருளின் மேல் நான் நடந்துபோனேன். கோபத்தை மறக்கடிக்கிற வாசனை, ஆனால் நான் மறக்க மறுத்தேன்.

வெள்ளைச் சட்டை போட்ட வியாபாரி ஒருவரிடம் குனிந்து, "துணி எப்ப ஏலத்துக்கு வரும்?" என்று கேட்டேன்.

"என்ன துணி?"

"உத்தமபாளையத்திலிருந்து வந்தது. சேலையில தைச்ச பந்தல்."

"இங்கன வந்துருக்குன்னு யாரு சொன்னாக?"

"அந்த டீச்சர் வீட்டுக்காரர்தான். ஏலத்துக்குப் போயிருச்சு, ஜீப்புல ஏத்திவிட்டேன்னு சொன்னார்."

அவர் பொத்தானை விட்டுவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "ஜீப்புல ஏத்துனா அது மலைக்குப் போன ஏலம்ணே. ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கு. நாங்க இங்கன விடுறது இந்த ஏலம்." பின்வரிசைக்குத் திரும்பி, "ஏலத்துக்குப் போனதத் தேடி ஏலத்துக்கு வந்துருக்காரு!" என்று கூவினார். கூடமே சிரித்தது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று சிங்கப்பூரில் மார்தட்டிக்கொள்கிறவன் நான். ஒருவர் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் என் சட்டைப் பையில் ஒரு பிடி ஏலக்காயைப் போட்டு, "வந்ததுக்கு இதையாச்சும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

லிம்முக்கு இதை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவருடைய மொழிகளில் இரண்டும் ஒரே சொல் இல்லை. கடைசியில் கேட்டார்: "அப்படியானால் நம் பொருள் வெட்டவெளியில் கிடக்கிறதா? நனைந்துவிடாதே?"

"மழை இருந்தால்தானே" என்றேன்.

உத்தமபாளையத்துக்குத் திரும்பி யூசுப்பிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பரிகாரமாகப் பரோட்டாவும் கோழிச் சால்னாவும் வாங்கித் தந்தார். வாழையிலையில் மடித்து, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, ஒரே நூலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். பிரிக்கும்போது ஒரு சொட்டுச் சால்னா சிந்தவில்லை. கட்டியவன் கையைக் குலுக்கவேண்டும் போலிருந்தது.

மறுநாள் விடியும் முன்பே கம்பத்திலிருந்து மலைக்குப் போகும் தொழிலாளர் ஜீப்பில் என்னை ஏற்றிவிட்டார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட பெண்கள், மடியில் தூக்குவாளிகள். இன்னும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏறிக்கொண்டே இருந்தார்கள். என் சுருளைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள் மாரியம்மா என்ற பெண். கம்பம்மெட்டுக்கு ஏறும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் படபடவென்று வெடித்தது.

"மெத்தையெல்லாம் கொண்டாந்திருக்காக. எங்கள நல்லாப் பாத்துக்கிருவாக போல" என்றாள். ஜீப் முழுக்கச் சிரிப்பு. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"செல்லத்தாயி நாத்துக்கு மேல போட்டுருக்கே, அதையா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கேரளப் பக்கத்துச் சரிவில், பட்டுப்போன மரங்களுக்கு நடுவே துணியைப் பார்த்தேன். நாலு பக்கமும் கயிறு கட்டி விரைப்பாக இழுத்திருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். வெளியே காலை வெயிலே சுளீரென்று அடித்தது. உள்ளே சட்டென்று குளிர்ந்தது. தலைக்கு மேலே ஊதா, கத்தரிப்பூ நிறம், வெளுத்த மஞ்சள் என்று சேலை சேலையாக வெளிச்சம். கம்பி உரசிய இடங்களில் துருக்கோடு, திராட்சைக்கு அடித்த மயில்துத்த மருந்து பட்ட இடங்களில் நீலத் திட்டு, பன்றி கிழித்த இடங்களில் நெருக்கமான தையல். அந்த நிறங்களெல்லாம் கீழே பைகளில் நின்ற ஏல நாற்றுகளின் மேல் விழுந்திருந்தன. பொருளைக் கட்ட எனக்கு மனம் வராமல் போனது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை.

ஷாஹிதா ஒல்லியானவர், விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய காய்ப்பு. "நீங்க வர்ற வரைக்குந்தான்னு சொல்லித்தான் சார் கட்டுனோம். கழட்டிருவோம்" என்றார். பக்கத்தில் நின்றவள் நாற்றுக்குச் சொந்தக்காரி செல்லத்தாய். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டாள். ஓடையில் தண்ணீர் இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

அவள் தலை மறைந்ததும் ஷாஹிதா மெதுவாகச் சொன்னார். "பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, எடுத்த நெலம் சார். போன வெயில்ல அம்புட்டும் கருகிருச்சு. நெழலுக்கு நின்ன மரமும் போச்சு. மறுபடியும் வெதை போட்டு இந்த நாத்த எழுப்பியிருக்கா. இதுவும் போச்சுன்னா நெலத்த விட்டுட்டு எறங்கவேண்டியதுதான். நெழலுக்குப் போடுற பச்சை வலைக்கு எங்கெங்கயோ அலைஞ்சோம். எல்லாரும் ஒண்ணா வாங்குனதுல கடையில இல்லை. மழைக்கு அப்பறம் வரும்ங்கிறாக. மழைக்கு அப்பறம் எதுக்கு?"

"அப்படின்னா துணி இங்கேயே இருக்கட்டுமே. நான் லிம்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்றேன். எனக்கே வியப்பாக இருந்தது.

ஷாஹிதாவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "எதுக்கு இருக்கணும்? தோட்டந்தோட்டமா அலைஞ்சு பொறுக்கி, பள்ளிக்கூடம் விட்டு வந்து வருசக்கணக்காத் தைச்சிருக்கேன். பெரிய எடத்துல தொங்குறத ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? பொம்பளைன்னா எல்லாத்தையும் விட்டுக் குடுத்துறணுமா?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். நான் நல்லவனாக இருக்கப் பார்த்தேன், அடுத்தவர் செலவில். வெட்கமாக இருந்தது.

செல்லத்தாய் வெறும் குடத்தோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். "டீச்சர், மூக்கத் தொடைங்க" என்றாள். "துணி போகத்தான் போகுது. இதுல எங்க மதினி சேலையும் இருக்கு. இங்கன கெடந்து மக்குறதுக்கு, அங்கன போயி நாலு சனம் பாக்கட்டும். இன்னிக்கு ஒரு பொழுது இருக்கட்டும். நாளைக்கு வேற நெழல் போட்டுக்கிருவேன்."

"எத வச்சுப் போடுவ?"

"எல்லார் வீட்டுலயும் சேலை இருக்குல்ல."

சாயங்காலம் ஜீப்பில் இறங்கும் மாரியம்மாவிடம் செய்தி சொல்லி அனுப்பினார்கள். நான் அன்று மலையிலேயே தங்கினேன். கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு அவித்ததும், காந்தாரி மிளகாயை நசுக்கி உப்புப் போட்ட தொக்கும், பால் ஊற்றாத கட்டஞ்சாயாவும் கிடைத்தன. அந்த மிளகாயைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் தைரியம் இல்லை. செல்லத்தாய் தண்ணீருக்குப் பதில் சர்க்கரையைக் கையில் வைத்தாள், அப்படியும் எரிச்சல் குறையவில்லை.

காலையில் ஜீப் வந்தபோது பெண்களின் மடியில் தூக்குவாளிக்குப் பதில் மூட்டைகள் இருந்தன. எதிர்பார்த்ததைவிட அதிகமான சேலைகள், வேட்டிகள், ஒரு தொட்டில் துணி. ஒருத்தி கல்யாண வாழ்த்து பிளக்ஸைக் கொண்டுவந்திருந்தாள். அது சூட்டை உள்ளே அடைத்துவைக்கும், வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். மாரியம்மா கொண்டுவந்தது மடிப்புக் கலையாத நல்ல சேலை.

"ஏத்தா, இத ஏன் கொண்டாந்த? பொங்கலுக்கு எடுத்ததுல்ல?" என்று செல்லத்தாய் சத்தம் போட்டாள்.

"கட்டிக்கிட்டுப் போறதுக்கு எங்கன விசேசம் நடக்குது? கட்டு."

வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். நான் என் பங்குக்குக் குமிழ்த்தாளை விரிக்கப் போனேன். "நாத்த அவிச்சுத் திங்கவாண்ணே?" என்று கேட்டுப் பிடுங்கி வைத்தார்கள். சரி, கயிறு கட்டவாவது விடுங்கள் என்றேன். காற்றில் அவிழாத முடிச்சு எனக்கு வரும், அதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஒரு பக்கம் ஷாஹிதாவின் துணியை அவிழ்க்க அவிழ்க்க, மறுபக்கம் புதுப் பந்தலை இழுத்துக் கட்டினோம். அவிழ்த்ததை ஷாஹிதாவும் நானும் கைக்கு உறை போட்டுக்கொண்டு மடித்தோம். அவர் ஒவ்வொரு மடிப்பையும் தடவிக் கொடுத்தார். நான் பொதியாகக் கட்டினேன்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது நடுவில் ஒரு சேலை அகலத்துக்கு வானம் தெரிந்தது. துணி தீர்ந்துபோயிருந்தது. இழுத்துப் பார்த்தோம். இழுத்தால் ஓரம் விட்டது. அந்தப் பட்டையில் நின்ற நாற்றுகளின் மேல் வெயில் நேராக இறங்கியது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இலைகள் ஓரம் சுருண்டு தலை தொங்க ஆரம்பித்தன. செல்லத்தாய் அவற்றின் மேல் குனிந்து தன் நிழலை விழவைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஷாஹிதா என்னிடம் வந்து கையை நீட்டினார். "சார், கத்திரி."

பொருளில் ஒரு நூல் பிரிந்தாலும் பதில் சொல்லவேண்டியவன் நான். கத்திரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் நான் கட்டிய பொதியை அவிழ்த்தார், துணியை விரித்தார்.

"ஓரத்துல உள்ளதப் பிரிங்க டீச்சர். வெளிய தெரியாது" என்றாள் செல்லத்தாய், குனிந்தபடியே.

"தெரியணும்" என்றார் ஷாஹிதா. நட்டநடுவில் இருந்த நீலத் திட்டுச் சேலையை இரண்டு பக்கமும் தையல் பிரித்து எடுத்தார். உதிர்ந்த நூலை நான் பொறுக்கிக்கொண்டேன். அதை நானும் மாரியம்மாவும் இடைவெளியில் இழுத்துக் கட்டியபோது, செல்லத்தாய் முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். ஷாஹிதாவின் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

சிங்கப்பூரில் துணியை நடுக்கூடத்தில் ஏற்றியதும் லிம் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். பின்னால் ஒரு துணி கொடுத்து ஓட்டையை மறைத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். இருபது வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான். அந்தச் சேலை எங்கே என்றார். வேலையில் இருக்கிறது என்றேன். முழுக்கதையையும் சொன்னேன். அவர் மின்விளக்குக்காரரைக் கூப்பிட்டு, ஓட்டைக்கு நேர் மேலே இருந்த விளக்கைக் கூட்டச் சொன்னார். தரையில் ஒரு சேலை அகலத்துக்கு வெள்ளை வெளிச்சம் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் ஏனென்று தெரியாமலே அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். யூசுப்போடு வந்திருந்த ஷாஹிதா ஒரு மூலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போதுமா என்று கேட்டேன். தலையாட்டினார்.

கண்காட்சி முடிகிற வாரத்தில் என் கைப்பேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. முதலில் ஒரே இரைச்சல். பதிவு கெட்டுப்போனது என்றுதான் நினைத்தேன். அப்புறம் இரைச்சலுக்கு நடுவிலிருந்து செல்லத்தாய் கத்தினாள்:

"அண்ணே, நாத்து பொழச்சு நின்னுருச்சு! டீச்சர்ட்டயும் சொல்லிருங்க. அவுக சேலையத் தொவச்சுப் போட்டுருக்கேன், குடுத்துவிடணும்ல. மழை விட்டாத்தானண்ணே காயும்?"